பிள்ளையின் மனதைக் குறை சொல்லமுன் துவக்கைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த, குறிபார்த்துச் சுடும் போட்டிகள் பற்றிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் நாட்டின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் பங்குபற்றியதையும், கடலூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை இளவேனில் வாலறிவன் அதே போட்டியில் உலக அளவில் பெயர் எடுத்ததையும் எங்கள் பிள்ளைகள் அறிய எழுதியிருந்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால், ஒரு நாள் நன்றாகச் சுடுகிற பிள்ளை மறுநாள் சிதறிச் சுட்டால் அதற்கு மனத் தளம்பல்தான் காரணம், மூச்சுப் பயிற்சியும் தியானமும் செய்தால் சரியாகிவிடும் என்று கட்டுரையின் பிற்பகுதி முடிந்த முடிவாகச் சொல்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் பத்திரிகையை வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பெற்றோர் பலரும் வாசிக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் அங்குள்ள கழகங்களில் ரைபிள் சுடப் பழகுகிறார்கள். ஒரு திருகாணி இளகியதற்கு ஒரு பிள்ளையின் மனதைக் குற்றவாளி ஆக்குவது அநியாயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓமந்தைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன். இங்கிலாந்தில் நெடுங்காலம் ஒரு தொழிற்சாலையில் லேத் மெசினில் வேலை செய்தேன். வேலைத்தலத்துக்குக் கிட்ட இருந்த சிறு கழகமொன்றில் .22 ரைபிள், அதாவது குழலின் துளை ஏறக்குறைய 0.22 அங்குலம் உள்ள சிறு ரைபிள், சுட்டேன். இந்த விளையாட்டு பணக்காரருக்கு உரியது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் இதற்கான தேசிய சங்கம் 1901இல் ஆரம்பித்தபோது அதன் பெயரே தொழிலாளர் ரைபிள் கழகங்களின் சங்கம் என்றுதான் இருந்தது. என்னைப் போன்ற தொழிற்சாலைக்காரர்தான் அங்கே அருகருகே குப்புறப் படுத்துச் சுட்டார்கள். இப்போது ஊருக்குத் திரும்பி வந்து வயலோடு இருக்கிறேன். இங்கே என்னிடம் துவக்கு இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதை இளம் பிள்ளைகளுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

வன்னியில் இருந்துகொண்டு துவக்கைப் பற்றி எழுதுகிறானே என்று சிலருக்கு மனம் சுருங்கும். இந்த மண் துவக்கால் பட்ட பாடு எனக்கும் தெரியும், என் குடும்பமும் பட்டிருக்கிறது. நான் பேசுவது கடதாசியில் துளை போடும் ஒரு விளையாட்டைப் பற்றி. அதில் எதிரே நிற்பவர் எவரும் இல்லை, அட்டை மட்டும்தான்.

என் மகளின் மகள் இங்கிலாந்தில் அப்படியொரு கழகத்தில் சுடுகிறாள். உள்ளரங்கு, தூரம் 25 யார் (ஏறக்குறைய 23 மீற்றர்). ஒரு அட்டையில் பத்துச் சிறு இலக்குகள் அச்சடித்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வெடி. எல்லாம் நடுவில் பட்டால் 100 புள்ளி. போன மாரியில் அவளுடைய புள்ளிகள் ஏறி இறங்கத் தொடங்கின. ஒரு கிழமை 97, அடுத்த கிழமை 90, பிறகு திரும்பவும் 96. பயிற்றுநர் பதற்றம் என்றார். பரீட்சைக் காலம் என்றபடியால் வீட்டிலும் அதையே நம்பினார்கள். பிள்ளை ஒரு நாள் எனக்கு வட்ஸ்அப்பில், "அம்மப்பா, எனக்கு இது சரிவராது போலக் கிடக்கு, விடப்போறன்" என்று குரல் பதிந்து அனுப்பினாள்.

அவளிடம் நான் கேட்டது அட்டைகளை மட்டும்தான். பத்து இலக்கில் பத்து வெடி சிதறிக் கிடந்தால் அவற்றின் ஒழுங்கு கண்ணுக்குப் பிடிபடாது. புள்ளியைக் கூட்டலாம், காரணம் தெரியாது. எனவே ஒரு துண்டு ட்றேசிங் கடதாசி வாங்கி, ஒவ்வொரு இலக்கின் மேலும் வட்டத்தோடு வட்டம் பொருந்தும்படி வைத்து, துளையின் நடுவில் கூரிய பென்சிலால் ஒரு புள்ளி போடச் சொன்னேன். பத்து இலக்கும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடும். அவள் அதைப் படம் எடுத்து அனுப்பினாள். கூட்டிய புள்ளியில் மோசமான அட்டை அது. ஆனால் அந்தக் கடதாசியில் சிதறலே இல்லை. இடப்பக்கம் ஒரு கொத்து, வலப்பக்கம் ஒரு கொத்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு வெறும் இடம். உயரத்தில் இரண்டும் ஒரே மட்டம். ஒவ்வொரு கொத்தும் தனித்தனியே பார்த்தால் அழகாகச் சேர்ந்திருந்தது.

பதற்றம் பிடித்த கை நாலாபுறமும் போடும். இரண்டு இடத்தைத் தெரிந்தெடுத்து மாறி மாறிப் போடாது. அந்தக் கடதாசியைப் பார்த்த உடனே, பிள்ளையில் பிழை இல்லை, இரும்பில் ஏதோ அசைகிறது என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன்.

சொன்னால் போதாது, நிறுவ வேண்டும். இதற்கு உலகம் முழுவதும் ஒரே வழிதான். சுடுபவர், ரைபிள், ரவை என்ற மூன்றில் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அவள் தன் பெட்டியிலிருந்த ரவையையே கழகத்து ரைபிளில் போட்டுச் சுட்டாள். ஒரே கொத்து வந்தது. அதோடு ரவையும் பிள்ளையும் விடுபட்டன. பிறகு கழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் அவளுடைய ரைபிளில் அதே ரவையைச் சுட்டார். அவர் எத்தனையோ வருடம் சுடுகிறவர். அவருக்கும் கொத்து இரண்டாகப் பிரிந்தது. இதற்கு மேல் சந்தேகம் இல்லை. இந்தச் சோதனைக்கு ஒரு மாலை நேரமும் ஒரு பெட்டி ரவையும் போதும். இதைச் செய்யாமல் ஒருவர் புது ரைபிள் வாங்கினாலும், ரவையின் கம்பனியை மாற்றினாலும், மனநல ஆலோசகரிடம் போனாலும், எது பலன் தந்தது, எது தரவில்லை என்று கடைசி வரை தெரியாது.

காரணம் பின்சைட்டில் இருந்தது. கண்ணுக்கு அருகே, சிறு துளையோடு இருக்கும் அந்தப் பாகம் ரைபிளின் மேலுள்ள தண்டவாளம் போன்ற பள்ளத்தில் ஏறி, பக்கத்துத் திருகாணிகளால் கவ்விப் பிடிக்கும். ரைபிளைப் பெட்டியில் வைக்கும்போது அதைக் கழற்றுவது வழக்கம். கழற்றிக் கழற்றிப் பூட்டியதில் கவ்வி ஒரு பக்கம் தேய்ந்து, ஓர் ஓரத்தில் மட்டுமே பிடித்துக்கொண்டு இருந்தது. ரவை போடாமல், ரவையைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்டைக் கழற்றி எடுத்த பிறகு, பின்சைட்டை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் மெல்ல அசைத்துப் பார்க்கச் சொன்னேன். "டிக் எண்டு ஒரு சின்னச் சத்தம் கேக்குது அம்மப்பா" என்றாள். பிறகு பள்ளத்துக்கும் சைட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிட்டுச் சுட்டாள். ஓர் அட்டை முடிந்தபோது கோடு உடைந்து இரண்டு துண்டாக நின்றது. விலகல் ஒரு மயிரிழைதான்.

மயிரிழை என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். லேத் வேலை செய்தவனுக்கு இது மனப்பாடம். குழல் வாயருகே இருக்கும் முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே 75 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். பின்சைட் பக்கவாட்டில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு விலகினால் 25 யாரில் வெடி 3 மில்லிமீற்றர் விலகும். 50 மீற்றரில் அது ஏறக்குறைய 7 மில்லிமீற்றர். ஒலிம்பிக் 50 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் முழு விட்டமே 10.4 மில்லிமீற்றர்தான். கண்ணால் காண முடியாத அசைவு ஒரு நல்ல பிள்ளையைப் பத்திலிருந்து ஒன்பதுக்கு இறக்கிவிடும். கவ்வியை மாற்றி, இரண்டு திருகாணியையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கியதும் இரண்டு கொத்தும் ஒன்றாயின.

எல்லோருடைய சிக்கலும் பின்சைட்டாக இருக்காது. ஆனால் ட்றேசிங் கடதாசி எல்லோருக்கும் ஏதோ ஒன்று சொல்லும். வெடிகள் பக்கவாட்டில் ஒழுங்காக இருந்து, மேலும் கீழுமாக நீண்டு போனால் ரவையை நினைக்க வேண்டும். .22 ரவையின் சன்னம், அதாவது குழலை விட்டுப் பறக்கும் ஈயத் துண்டு, 40 கிறெயின் (2.6 கிராம்) எடையுள்ளது. போட்டி ரவை ஒலியின் வேகத்துக்குக் கீழே, வினாடிக்கு 320 அல்லது 330 மீற்றர் வேகத்தில் போகும்படி செய்யப்படுகிறது. ஒரு ரவைக்கும் அடுத்த ரவைக்கும் வேகத்தில் வினாடிக்கு 10 மீற்றர் வித்தியாசம் இருந்தால், கணக்குப்படி 50 மீற்றரில் உயரம் 7 மில்லிமீற்றர் அளவு மாறும். அதே வித்தியாசம் 25 யாரில் ஒன்றரை மில்லிமீற்றரைத் தாண்டாது. பேத்தியின் அட்டையில் கொத்துகள் பக்கவாட்டில் பிரிந்து நின்றதால்தான் ரவையை நான் முதலில் சந்தேகிக்கவில்லை.

கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று அதிவேக ரவை வாங்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது குழலை விட்டு ஒலியைவிட வேகமாகப் புறப்பட்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும். அந்தக் கடக்கும் இடத்தில் சன்னம் தடுமாறும். விலை கூடியதோ குறைந்ததோ, இலக்குக்கு அது உதவாது.

ரவை விடயத்தில் பலர் கவனிக்காதது பெட்டியின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் லொட் நம்பர், அதாவது ஒரே தொகுதியாகச் செய்த ரவைகளுக்குரிய எண். .22 ரவையில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை கோதின் விளிம்புக்குள் இருக்கிறது. சுட்ட கோதை வீட்டில் மீண்டும் நிரப்ப முடியாது. தொழிற்சாலை என்ன தருகிறதோ அதுதான். ஒரே கம்பனி, ஒரே பெயர், ஒரே நிறப் பெட்டியாக இருந்தாலும் லொட் நம்பர் மாறினால் உங்கள் குழலுக்கு அது வேறு ரவை. இன்னொருவருடைய ரைபிளில் தேன் போல் ஓடும் லொட் உங்களுடையதில் சிதறும். இது எவருடைய குற்றமும் அல்ல. ஒவ்வொரு குழலும் உள்ளே மிக நுண்ணிய அளவில் வேறுபடும். இங்கிலாந்தில் ஈலி, ஜேர்மனியில் லாபுவா போன்ற தயாரிப்பாளர்கள், சுடுபவர் தன் ரைபிளையே கொண்டுவந்து வெவ்வேறு லொட்களைச் சுட்டுப் பார்த்துத் தெரிவு செய்ய இடமே வைத்திருக்கிறார்கள். உயர் போட்டிக்காரர் ஒரு லொட் பிடித்துவிட்டால் அதையே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வது இதனால்தான்.

லொட் மாற்றியவுடன் வரும் முதல் பத்துப் பதினைந்து வெடியை வைத்துத் தீர்ப்பு எழுதவும் கூடாது. சன்னத்தின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். அது குழலுக்குள் படியும். முந்திய ரவையின் பூச்சு போய்ப் புதியது படியும் வரைக்கும் வெடிகள் அலையும். நன்றாகத் துடைத்த குழலும் அப்படித்தான். துடைப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். கம்பியை வாய்ப்பக்கத்தால் விட்டு இழுக்கக் கூடாது. சன்னம் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் குழல் வாயின் விளிம்பு. அங்கே ஒரு சிறு கீறல் விழுந்தாலும் ஒரு பக்கத்தால் வாயு முந்திக்கொண்டு சன்னத்தைச் சரித்துவிடும். பூதக்கண்ணாடியால் பாருங்கள். மெழுகுக் கறை விளிம்பைச் சுற்றி ஒரே சீராகப் பூ விரிந்தது போல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இதழ் குறைந்திருந்தால் துவக்கு வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

தோளில் அணைக்கும் பிடங்கு மரத்தாலான ரைபிளில், இரும்பை மரத்தோடு பிணைக்கும் திருகாணிகளைப் பார்க்காமல் விடவே கூடாது. ஈரக் காலத்தில் மரம் ஊதும், சூடேற்றிய அறையில் சுருங்கும். திருகாணி இளகினால் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு வேறு வேறாக அமரும். இதைக் கை மதிப்பில் இறுக்குவதை நான் விரும்புவதில்லை. அளவு காட்டும் டோர்க் றெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கி, அந்த அளவை ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். தொலைநோக்கி பூட்டிய ரைபிளானால் அதன் வளையங்களுக்கும் இதே விதிதான்.

வெளியரங்கில் காற்றும் சேரும். சிறுபோக அறுவடைக் களத்தில் சோளகக் காற்றில் நெல் தூற்றிய எங்கள் கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. காற்று ஒரே சீராக வரும் நேரம் பார்த்துத்தான் சுளகைச் சரிப்பார்கள், சுடுபவரும் அப்படிக் காத்திருக்கத்தான் வேண்டும். மணிக்கு 10 மைல் வேகப் பக்கக் காற்று 50 மீற்றரில் .22 சன்னத்தை ஓர் அங்குல அளவுக்குத் தள்ளிவிடும். காற்றுக் கொடியைப் பார்க்காமல் சுட்டுவிட்டு ரைபிளைத் திட்டுவதும் நடக்கிறது. இங்கே பயிரைக் காக்க அனுமதியோடு பன்னிரண்டு போர் (12 bore) எனப்படும் துவக்கு வைத்திருக்கும் அயலவர்கள், இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று என்னைக் கேட்பார்கள். அவர்களுடைய துவக்கில் பல குண்டுகள் பரந்து போகும். .22 ரவையில் போவது ஒரே சன்னம். மில்லிமீற்றர் தவறினாலும் அதற்குத் துணை கிடையாது.

மனத்துக்கும் உடலுக்கும் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறையவே இருக்கிறது. ரைபிளைக் கையோடு பிணைக்கும் வாரை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் நாடித்துடிப்பு முன்சைட்டில் தெரியும். கன்னம் பிடங்கில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் ஒரே பாரத்தில் படாவிட்டால் கண் பின்சைட்டின் துளைக்கு நடுவில் நில்லாது. குறி பார்த்தபின் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். முன்சைட் இலக்கை விட்டு விலகியிருந்தால் உடம்பு வேறு பக்கம் பார்க்கிறது, கைப்பலத்தால் இழுத்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கையைத் தொடாமல் இடுப்பையும் காலையும் நகர்த்தித்தான் அதைத் திருத்த வேண்டும். இவையெல்லாம் பழகிப் பெறுகிறவை. என் கேள்வி, எதை முதலில் பார்ப்பது என்பதுதான். இரும்பைச் சோதிக்க ஒரு மாலை காணும். பிள்ளைக்கு "உன் மனம் சரியில்லை" என்று சொன்னால் அந்தச் சொல்லை எடுக்க வருடங்கள் பிடிக்கும்.

உலக வீரர்களுக்கும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மற் எமன்ஸ் 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு முன், தெரிவுப் போட்டிக் காலத்தில், தன் வெடிகள் திடீரென்று கண்டபடி போவதைக் கண்டார். ரைபிளை ஆராய்ந்தபோது யாரோ வேண்டுமென்றே குழலைச் சேதப்படுத்தியிருந்தது தெரியவந்தது. அவர் தன் திறமையைச் சந்தேகித்துக் கொண்டிருக்கவில்லை. சக வீராங்கனை ஒருவருடைய ரைபிளை வாங்கிச் சுட்டு, ஏதென்ஸில் 50 மீற்றர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். உங்கள் கட்டுரையாளர் மன உறுதிக்கு உதாரணம் தேடினால் இதைவிட நல்லது கிடைக்காது. அந்த உறுதிக்குள் ரைபிளைச் சோதித்த புத்தியும் இருந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இந்தத் தொடரின் அடுத்த பகுதியில் மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் முறையையும் ட்றேசிங் கடதாசி முறையையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சோதனையும் பயிற்றுநர் முன்னிலையில், சுடுதளத்தில் மட்டுமே செய்யப்பட வேண்டும், சைட்டையோ திருகாணியையோ தொடுமுன் போல்டைக் கழற்றி, ரவை அறை வெறுமை என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள். பேத்தியின் இரண்டு கடதாசிகளின் படங்களும், கவ்வி தேய்ந்திருந்தபோது வந்ததும், மாற்றிய பின் வந்ததும், என்னிடம் உள்ளன. வெளியிட அவளும் அவளுடைய தாயும் சம்மதித்துவிட்டார்கள். நீங்கள் கேட்டால் மறுநாளே அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவர்,
ஓமந்தை, வவுனியா.